சூரியனுக்குப் படங்கு போட்ட சபை

கிழக்குக் கரையோர மின்னொழுக்க அதிகார சபையின் பதிவுகளின்படி, நிந்தவூரில் என் மகள் வீட்டுக் கூரையில் விழும் வெயிலில் மின்சாரம் கிடையாது. சபை நேரில் வந்து, ஏணி வைத்து ஏறி, கருவி வைத்து அளந்து கண்ட முடிவு இது. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். கருவியோடு யார் வாதாடுவது?

என் பெயர் கச்சிமுகம்மது. வயல் இருப்பதால் போடியார் என்பார்கள். எங்கள் தாய்வழிக் குடியின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார் நான்தான். எனக்கு முன் என் தாய்மாமன் இருந்தார். எங்கள் குடியில் யார்மீதும் களவுப் பேச்சு வந்ததில்லை. பக்கத்து வளவுத் தென்னையிலிருந்து எங்கள் பக்கம் விழுந்த தேங்காயைக்கூட ஆள் வைத்துக் கொடுத்தனுப்பியவர்கள் நாங்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குரிய விஷயம் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கரண்ட் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கோடு போகும். அதை மின்வெட்டு என்று சொன்னால் சபைக்குப் பிடிக்காது. அதற்குச் சபை வைத்த பெயர் ‘ஒளி ஓய்வு’. ஒளி ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் என் மகள் சுல்பிகா தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். பிள்ளைகள் மெழுகுதிரிக்கு முன் குனிந்து படித்ததில் ஒரு பிள்ளையின் முன்மயிர் கருகியது. அந்தக் கிழமையே அவள் கொழும்பிலிருந்து பார்சலில் சோலார் செல்கள் எடுப்பித்தாள்.

செல் என்பது நீல நிறத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒரு தகடு. மேசையில் பரப்பி வைத்திருந்தாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

“வாப்பா, இது பப்படத்த விட மெல்லிசு. கிட்ட நிண்டு மூச்சு விடாதீங்க.”

நான் தள்ளி நின்று மூச்சு விட்டேன். வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்தோடு வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் பின்வளவில் கட்டிய சிறிய வீட்டுக்குப் போய்விட்டோம். எழுதிக் கொடுத்தாலும் ஊர் அதைக் கச்சிமுகம்மது போடியார் வீடு என்றுதான் சொல்லும். நானும் அப்படித்தான் சொல்வேன்.

வேலை லேசானதல்ல. ஒரு செல்லின் நீல முகத்தில் ஈயம் உருக்கி ஒரு மெல்லிய பட்டியை ஒட்ட வேண்டும். அந்தப் பட்டியின் மறுமுனையை அடுத்த செல்லின் முதுகில் ஒட்ட வேண்டும். முகம், முதுகு, முகம், முதுகு என்று கோத்துக்கொண்டு போனால்தான் ஒன்றின் வலுவோடு மற்றொன்றின் வலு சேரும். சூட்டுக்கோலைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், செல் இரண்டாகிவிடும். முதல் வரிசையில் சுல்பிகா முகத்தோடு முகத்தைக் கோத்துவிட்டாள். வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை.

“அதுகளும் நம்மளப் போலதான்,” என்றார் மருமகன் இன்பாஸ். “முகத்துக்கு முகம் பாத்தா சண்டதான். ஒராள் முதுகக் காட்டினாத்தான் குடும்பம் நடக்கும்.”

“நீங்க காட்டிற முதுகுக்கு இஞ்ச ஊருக்கே லைற் எரியணும்,” என்றாள் மகள், ஊதிக்கொண்டே.

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கோத்தார்கள். என் மனைவியின் ஷோகேசில் இருந்த கண்ணாடிக் கதவு பேனலுக்கு மூடியானது. பழைய ஜன்னலின் அலுமினியம் சட்டமானது. என் லேன்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பற்றரி கழன்று வந்து கதிரைக்குக் கீழே குந்தியது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்று மஃரிபுக்குப் பிறகு தெரு முழுக்க இருண்டபோது எங்கள் முன்னறையில் மூன்று பல்புகள் எரிந்தன. பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்ன சத்தம் பிரதான வீதிவரை கேட்டது. நான் வாசலில் கதிரை போட்டு அமர்ந்திருந்தேன். அமர வேண்டிய தேவை இருக்கவில்லை. இருந்தாலும் அமர்ந்திருந்தேன்.

அடுத்த நாள் காலையில் சபையின் மின்னொழுக்கப் பரிசோதகர் தங்கத்துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கல்முனைக்காரர்; மரியாதையானவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் குற்றம் சாட்டினார்.

“போடியார், நேத்து ஒளி ஓய்வு நேரத்தில உங்கட வீட்டில லைற் எரிஞ்சதாமே?”

“ஓம், எரிஞ்சது.”

“அப்ப ஒத்துக்கொள்றீங்க.”

“என்னத்த?”

“திருட்ட.”

நான் கூரையைக் காட்டினேன். “தம்பி, அது சூரியன்ட கரண்ட். கூரையில பேனல் இரிக்கி. ஏறிப் பாருங்க.”

“ராவில எங்க போடியார் சூரியன்?”

“பகல்ல வந்தத பற்றரியில சேத்து வச்சிரிக்கம்.”

அவர் பேனையை எடுத்தார். “பதுக்கலும் செஞ்சிரிக்கீங்க.”

அவர் போவதற்குள் செய்தி தெருமுனைக்குப் போய்விட்டது. அன்று பின்னேரம் பாடத்துக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மறுநாள் ஒருவரும் வரவில்லை. கடையில் ஒரு பொடியன் இன்னொருவனுக்கு வழி சொன்னது என் காதில் விழுந்தது: “கள்ளக் கரண்ட் வீட்டுக்கு அங்கால மூணாவது கேற்.” எழுபது வருடமாகப் போடியார் வீடு அடையாளமாக இருந்த தெரு அது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளித் தலைவர் என்னை ஒரு தூணருகே கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்தினார்; ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “காக்கா, பேர் தெளியுமட்டும் மரைக்கார் பொறுப்புல இருந்து கொஞ்சம் ஒதுங்கி இரிங்க. உங்களுக்காகத்தான் செல்றன்.”

எனக்காகச் செய்யப்பட்ட அந்த உபகாரத்தைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சபை தன் வாயால், ஊர் கேட்க, இந்த வீட்டில் திருட்டு இல்லை என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளைச் சாரன் உடுத்து, தொப்பி போட்டு, பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனேன்.

சபையின் பிராந்தியப் பணிப்பாளர் ஜவுபரின் அறை குளிரூட்டப்பட்டது. கல்முனைக்கு ஒளி ஓய்வு பகலில்; ஊரில் கரண்ட் இல்லாத நேரம். பின்பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல்களுக்குக் கனத்த திரை. திரைக்கு இந்தப் பக்கம் சுவரில், சிரிக்கும் சூரியனின் பெரிய படம் ஒன்றும், அதைப் பார்ப்பதற்கு ஒரு குழல் விளக்கும் இருந்தன.

“ஹாஜியார், நீங்க சூரியசக்திக்கு எதிரான ஆள் இல்லத்தானே?” என்று கேட்டார்.

“இல்ல சேர்.”

“நாங்களும் இல்ல. இந்தச் சபையப் போல சூரியசக்திக்கு உழைச்ச சபை இந்த மாகாணத்தில இல்ல. மாநாடு வச்சிரிக்கம். கருத்தரங்கு வச்சிரிக்கம். ஐரோப்பாவுக்குப் போய்ச் சூரியன் பாத்துட்டு வந்திரிக்கம். அங்க குளிர் காலம், மேகம். அதனால காணக் கிடைக்கல்ல. அத அறிக்கையில நேர்மையா எழுதினம். இண்டைக்கு வரைக்கும் நாங்க ஒரு பேனல்கூடப் பொருத்தல்ல. அதனால ஒரு பேனல்கூடப் பழுதாகல்ல. பழுதாகும் வீதம் பூச்சியம். இத வேற எந்த நாடாவது செஞ்சு காட்டட்டும் பாப்பம்!”

நான் செய்து காட்டச் சொல்லவில்லை. மகள் வீட்டில் திருட்டு இல்லை என்று சொல்லத்தான் கேட்டேன்.

“அப்பிடி வெறும் வாயால செல்ல ஏலா. பரிசோதிக்கணும். நீங்க நல்ல குடும்பம் எண்டு எனக்குத் தெரியும். அதனால சின்ன ஆக்கள அனுப்ப மாட்டன். நானே வாறன்.”

மரியாதை கிடைத்ததென்று நினைத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியில் பஸ்ஸில் நிமிர்ந்தும் இருந்தேன்.

பணிப்பாளர் வந்த நாளில் வெயில் கொளுத்தியது. முற்றத்தில் கூடாரம் அடித்து, கதிரை போட்டு, கிராஅத் ஓதி, வரவேற்புரை நடந்தது. வரவேற்புரையைப் பணிப்பாளரே நிகழ்த்தி எங்களை எங்கள் வளவுக்குள் வரவேற்றார். பக்கத்து வீட்டு றஸாக் மதிலுக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து தலைகள் அவருக்குப் பக்கத்தில் முளைத்தன. நல்லது, ஊர் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தங்கத்துரை ஏணியில் ஏறிப் பாதியில் நின்றார். “சேர், பேனல்ல கரண்ட் இரிக்கி.”

“அப்ப தொடாதீங்க!” என்று பணிப்பாளர் கதிரையை விட்டு எழும்பினார். “எந்தச் சாதனத்தையும் பரிசோதிக்க முந்தி மின்னோட்டத்த நிப்பாட்டணும். சபையின்ட முதலாவது பாதுகாப்பு விதி அது. ஆர் இஞ்ச பொறுப்பு? நிப்பாட்டுங்க.”

“எப்பிடி சேர் நிப்பாட்ற?” என்றாள் சுல்பிகா. “வெயில் பட்டா கரண்ட் வரும். இதுக்கு அமத்துற ஆழி இல்ல.”

“ஆழி இல்லாத சாதனமா? மகள், வெயில நிப்பாட்டுங்க எண்டு உங்களக் கேக்கல்ல. அது எங்கட அதிகாரத்துக்குள்ளயும் வரா. ஆனா பேனல நிப்பாட்டத்தானே வேணும்.”

ஆலோசனை நடந்தது. இளநீர் குடித்தார்கள். கடைசியில் நெல் மூடும் படங்கு ஒன்று என்னிடமே இரவல் வாங்கப்பட்டது. அதை நாலாக மடித்துப் பேனல்மேல் போட்டார்கள். ஓரத்தால் வெளிச்சம் புகாதபடி செங்கல்லும் வைத்தார்கள். அதன் பிறகு தங்கத்துரை தைரியமாகக் கையை நீட்டிக் கருவியை வைத்தார்.

“எவ்வளவு?”

“பூச்சியம் சேர்.”

“மறுகா ஒருக்காப் பாருங்க.”

“பூச்சியம்தான்.”

பணிப்பாளர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது. “சபை நடுநிலையாகப் பரிசோதித்ததில் இந்தப் பேனல் ஒரு துளி மின்சாரமும் தரவில்லை. ஆனால் இந்த வீட்டில் விளக்கு எரிந்திருக்கிறது. ஆகவே அந்த மின்சாரம் வேறெங்கோ இருந்து வந்திருக்க வேண்டும். வேறெங்கோ என்றால் எங்களிடமிருந்து. எங்களைத் தவிர இந்த மாவட்டத்தில் யாரிடம் மின்சாரம் இருக்கிறது?”

“அதுவும் உங்களிட்ட இல்லத்தானே!” என்றார் றஸாக் மதிலுக்கு மேலிருந்து.

“சேர், படங்க எடுத்துட்டு அளந்து பாருங்க,” என்றாள் மகள்.

“படங்க எடுத்தா கரண்ட் வரும், மகள்.”

“அதத்தானே சேர் நானும் செல்றன்!”

“கரண்ட் வந்தா தொட ஏலா. தொட ஏலாட்டி பரிசோதன இல்ல. பரிசோதிக்காம ஒண்ட ஏத்துக்கொள்ளச் செல்றீங்களா? படிச்ச பிள்ள நீங்க.”

படித்த பிள்ளை உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். மதிலுக்கு மேலே இருந்த தலைகள் என் முகத்தைப் பார்த்தன. என் முதுகு என்னைக் கேட்காமலே நிமிர்ந்தது.

“சேர், எங்கட வீட்டுக்கு வாற வயர இப்பவே வெட்டுங்க,” என்றேன். “கச்சிமுகம்மது செல்றன், வெட்டுங்க. அதுக்குப் பொறகு லைற் எரிஞ்சா அது உங்கட கரண்ட் இல்லத்தானே? சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.”

சபையில் ஒரு வேலை அவ்வளவு வேகமாக நடந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பணிப்பாளர் உரையை முடிப்பதற்குள் வயர் நிலத்தில் கிடந்தது.

மாலையில் தங்கத்துரை வந்து வாசலில் நின்று பார்த்தார். பல்புகள் எரிந்தன. அவர் மிகவும் சோர்ந்து போனார். “போடியார், இது பெரிய பிரச்சினையாப் போயிற்று.”

“என்ன பிரச்சின? தெளிஞ்சிற்றுத்தானே?”

“உங்கட லைன் வெட்டியாச்சு. ஆனா திருட்டு நிக்கல்ல. அப்ப நீங்க பக்கத்து வீட்டில இருந்து எடுக்கிறீங்க.”

மறுநாள் றஸாக் வீட்டு லைன் வெட்டப்பட்டது. எங்கள் பல்புகள் எரிந்தன. அதற்கடுத்த வீடு. அதற்கும் அடுத்தது. சபை எங்களைப் பிடிக்கும் ஆர்வத்தில் ஒவ்வொரு கம்பமாக ஏறி வெட்டிக்கொண்டே போனது. ‘ஒளி ஓய்வு’ இல்லாத நேரத்திலும் தெரு முழுக்க இருள். நடுவில் எங்கள் வீடு மட்டும் கலியாண வீடு போல எரிந்தது. நான் வாசலில் அமர்வதை நிறுத்திவிட்டேன். வெளிச்சம் முகத்தில் விழுவதே வெட்கமாக இருந்தது.

றஸாக்கின் மனைவி பஸ்மிலா சுவர் மறைவால் வந்து கைபேசியைச் சார்ஜில் போட்டாள். “மாமி, நாங்க இத நம்பல்ல. ஆனா ஊருக்கு முன்னால உங்களோட கதைக்க ஏலா. அவர் வாறத்துக்குள்ள நூறு வீதம் ஏறிருமா?” என்று என் மனைவியிடம் கேட்டாள். பள்ளியின் லைனும் போனபோது, ஒலிபெருக்கியின் பற்றரி ஒரு ஓட்டோவில் வந்து இறங்கியது. அனுப்பியவர் பெயர் தெரியாது என்றார் ஓட்டோக்காரர். திருட்டுக் கரண்டில் பாங்கு சொல்லலாமா என்று கேட்டுத் திருப்பி அனுப்ப நாக்கு நுனிவரை வந்தது. பாங்குக்காகப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த நாள் விடியற்காலை ஸுபஹுப் பாங்கு முன்னெப்போதையும் விடத் தெளிவாகக் கேட்டது.

ஒருநாள் காலையில் தங்கத்துரை பிரதான வீதிக் கம்பத்தில் ஏறி, வெட்டும் குறட்டை வயரில் வைத்தார். அந்த வயர் போவது பணிப்பாளர் ஜவுபரின் சொந்த வீட்டுக்கு. குறடு வயரில் இருக்கும்போதே அவருடைய கைபேசி அடித்தது. கம்பத்தில் நின்றபடியே “ஓம் சேர், ஓம் சேர், விளங்குது சேர்,” என்று சொல்லிக்கொண்டு மெதுவாக இறங்கினார். அன்று பகலுக்குள் சபை ஒரு விஞ்ஞான முடிவுக்கு வந்துவிட்டது: நிந்தவூரில் மின்திருட்டு இல்லை.

அதை ஊர் கேட்கச் சொல்ல வேண்டும் என்றேன். சொன்னார்கள். பள்ளிக்கு முன்னால் மேடை போட்டு, தோரணம் கட்டி, எனக்குப் பொன்னாடை போர்த்திச் சொன்னார்கள். பள்ளித் தலைவர் முன்வரிசையில் இருந்து முதலாவதாகக் கை தட்டினார். அந்த ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ‘இவ்வீட்டில் மின்திருட்டு இல்லை’ என்று தங்க எழுத்தில் எழுதிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைப் பணிப்பாளர் என் கையில் தந்தார். பிறகு ஒலிவாங்கியைத் திரும்பவும் பிடித்தார்.

“இந்த வீட்டார் நிரபராதிகள் என்பதற்கு ஒரே சாட்சி அந்தப் பேனல்தான். அவ்வளவு பெறுமதியான சாட்சியை மழையிலும் வெயிலிலும் கூரைமேல் விட்டுவைக்கலாமா? மாகாணத்தின் முதலாவது வெற்றிகரமான சூரியப் பேனலைச் சபை பொறுப்பேற்கிறது. அதைக் கல்முனைத் தலைமையகத்தில், வெயில் படாத அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாப்போம்!”

கைதட்டல் அடங்குமுன் நாலு பேர் கூரையிலிருந்து அதை இறக்கிவிட்டார்கள். சுல்பிகா ஓடி வந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். “சேர், இது நான் செஞ்சது! பிள்ளையள் படிக்கிறதுக்குச் செஞ்சது!”

“ஓம் மகள். அதையும் பெட்டிக்குக் கீழே எழுதுவம். ‘உள்ளூர்ப் பெண்களின் பங்களிப்புடன்.’”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பொன்னாடையோடு மேடையில் நின்றேன். கூட்டத்துக்கு முன் இழுபறி நடப்பது குடும்பத்துக்கு அழகல்ல என்று கையால் சைகை காட்டினேன். அவள் பிடியை விட்டாள். அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மேல் அவள் கதைக்கவில்லை.

தெருவுக்குக் கரண்ட் திரும்பி வந்தது. எங்களுக்கு வரவில்லை. தங்கத்துரையிடம் கேட்டேன்.

“போடியார், அந்த வீடு ஆருட பேர்ல இரிக்கி?”

“மகள்ட பேர்ல.”

“அதுக்கு முந்தி?”

“என்ட பொஞ்சாதிட பேர்ல. அதுக்கு முந்தி அவட உம்மாட பேர்ல.”

“அப்ப எந்தக் காலத்திலயும் உங்கட பேர்ல இருக்கல்ல. ஆனா வெட்டச் சொன்னது நீங்க. வீட்டுக்குச் சொந்தமில்லாத ஒராள் செல்லி வெட்டின வெட்டு செல்லாது. எங்கட பதிவில அந்த லைன் வெட்டப்படவே இல்ல.” அவர் உண்மையிலேயே வருந்தினார். “வெட்டாத லைன எப்பிடி ஒட்டிற, செல்லுங்க பாப்பம்?”

“கண்ணால பாருங்க தம்பி! வயர் நிலத்தில கிடக்கு!”

“கிடக்குதுதான். ஆனா நான் பாத்தத எழுதினா, பணிப்பாளர் செல்லாத வெட்ட வெட்டினதா வரும். பெரிய மனிசன்ட பேர் கெட்டுப் போகாதா? உங்களுக்குத் தெரியாததா, போடியார்.”

பெயரின் அருமையை எனக்கே எடுத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியாக எங்கள் குடும்பத்தின் மானம் மீண்டது. பள்ளியில் முன்வரிசை கிடைத்தது. ஒளி ஓய்வு முடிந்த பிறகும் தெருவில் இருண்டு கிடக்கும் ஒரே வீடு எங்களுடையது. பிள்ளைகளை அனுப்பப் பெற்றோருக்கு இப்போது எந்தத் தயக்கமும் இல்லை. அனுப்பினார்கள், வெளிச்சம் இல்லை என்று அவர்களே திருப்பிக் கூட்டிப் போனார்கள். சான்றிதழ் முன்னறைச் சுவரில் தொங்கியது. பின்னேரமானால் அதை வாசிக்க முடிவதில்லை.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு முன்வீட்டுக்குப் போனேன். மேசையில் புதிய செல்கள் பரப்பியிருந்தன. முப்பத்தாறு செல்; எல்லாம் முழுசாக இருந்தன; ஒன்றும் கோக்கப்படவில்லை. சுல்பிகா குளிர்ந்த சூட்டுக்கோலை முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

“ஏன் மகள், தொடங்கல்லியா?”

“ஈயம் உருக்கக் கரண்ட் வேணும் வாப்பா.”

மதிலைத் தாண்டி வயர் இழுப்பது சபையின் விதிப்படி திருட்டு. அது எனக்கு நன்றாகவே தெரியும். முன்கதவைத் திறந்து தெருப்பக்கம் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கூப்பிட்டேன்.

“றஸாக்! உங்கட வீட்டுக் கரண்ட்ல ஒரு வயர் மதிலால போடுங்க. பேனல் செய்யணும்.”

றஸாக் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “காக்கா, மெதுவாக் கதைங்க. பிடிச்சா இது மெய்யான கள்ளக் கரண்ட். ராவைக்குப் பாப்பமே?”

“என்னத்துக்கு ராவைக்கு? நாங்க என்ன கள்ளரா? இப்பவே போடுங்க.”

வயர் மதிலால் வந்தது. நானே ஏந்திப் பிடித்து, முன்னறைக்குள் கொண்டுபோய், தங்க எழுத்துச் சான்றிதழ் தொங்கும் ஆணியில் ஒரு சுற்றுச் சுற்றி மகளிடம் கொடுத்தேன். சூட்டுக்கோல் சூடாகும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாப்பா,” என்றாள் பிறகு. “கிட்ட நிண்டு மூச்சு விடாம ஒரு செல்லப் பிடிச்சித் தருவீங்களா?”

பிடித்துக் கொடுத்தேன்.